ஓக் இலை போட்ட வெண்ணெய்

மில்பரோ, ஒஹையோ
1868 ஏப்ரல் 14

அன்புள்ள ஹல்டா அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே நலம். நீயும் உன் பிள்ளை கேலப்பும் அயோவாக் காற்றைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறீர்களா? முட்டி வலி என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் நான் முழுக் கடைக்காரியாகிவிட்டேன். பென்சில்வேனியாவில் இத்தனை வருஷம் பள்ளிப் பிள்ளைகளை அதட்டியே பழகியவளுக்கு இங்கே யாரையும் அதட்டக் கூடாது என்பதுதான் பெரிய கஷ்டம். "கடையில நிக்கிறப்ப யாரு என்ன சொன்னாலும் ஆமான்னு தலையாட்டு லவினா. சண்டையெல்லாம் மாடியில என்கிட்ட வச்சுக்கோ" என்கிறார் நீ எனக்குப் பார்த்து வைத்த ஆம்ப்ரோஸ்.

சனிக்கிழமைதான் கூத்து. சுற்றுவட்டாரப் பண்ணைப் பெண்கள் எல்லாரும் ஈரத் துணியில் வெண்ணெயைப் பொதிந்து கொண்டுவந்து, அதற்குப் பதிலாகத் தேயிலை, உப்பு, சீட்டித் துணி, நூல்கண்டு என்று வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொருத்தியின் வெண்ணெய் மேலும் அவள் வீட்டு மர அச்சு பதிந்திருக்கிறது. ஒன்றில் பசு, ஒன்றில் கோதுமைக் கதிர். சர்ச் மூப்பர் மனைவி திருமதி ஸ்ப்ராக்கின் அச்சு அன்னப்பறவை. அந்த அம்மாள் நடையும் அப்படியேதான். இவர் ஒவ்வொரு பொதியையும் பிரித்துப் பார்த்து, "முதல் தரம்மா! உங்க கைக்கு மோதிரம்தான் போடணும்" என்கிறார். எல்லாருக்கும் ஒரே விலை, எல்லாருக்கும் ஒரே புன்னகை. பிறகு தானே எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிடுவார். சாவி அவர் இடுப்பில். அங்கே எலிப்பொறி இருக்கிறதாம், நான் இறங்கக் கூடாதாம்.

இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவள் நீ. "அவர் வாயில் பொய் வராது" என்று நீ எழுதிய ஒரு வரிக்காகத்தான் நான் சம்மதித்தேன். அதற்கு உனக்கு நன்றி. நீ இந்த ஊரை விட்டுப் போனாலும் உன் வெண்ணெயின் ஓக் இலை அச்சை இங்கே எல்லாரும் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கேலப்புக்கு என் முத்தம்.

உன் தங்கை,
லவினா

சீடர் பெண்ட், அயோவா
1868 மே 5

என் செல்ல லவினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஒன்றுமில்லை, அது மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நீங்கள் இருவரும் சுகமாயிருப்பதே எனக்குப் போதும்.

இப்போது ஒரு பெரிய சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. இங்கே ரயில் ஸ்டேஷனில் கிரேடி என்பவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ரயில் நிற்கும் நேரத்தில் ஒரு பட்டாளமே இறங்கித் தின்கிறது. வருஷம் முழுக்க வெண்ணெய் கொடுக்க ஓர் ஆள் தேடுகிறார். நான் போய்ப் பேசிவிட்டேன். என்னிடம் இருக்கும் மூன்று பசு போதாது. ஆகவே ஓடைக்குக் கிழக்கே இருக்கும் நிலத்தை ஹாப்ஸ் என்பவருக்கு விற்றுவிட்டுக் கறவை மாடாக வாங்கப் போகிறேன். ஒஹையோப் பண்ணையை விற்று வாங்கிய நிலம்தான், கேலப் பங்குக்கு என்று ஒதுக்கியதுதான். ஆனால் சோளத்தை நம்புவதைவிட என் கையை நான் நம்புவேன். அத்தனை வருஷத்தில் ஆம்ப்ரோஸ் ஒரு தடவையாவது என் வெண்ணெயைத் திருப்பி அனுப்பியிருக்கிறாரா, கேட்டுப் பார்.

கேலப்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். "வேண்டாம்மா, நிலம் இருக்கட்டும்மா" என்பதைத் தவிர ஒரு காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறான். வெண்ணெய்க்காரியின் மகன், ரொட்டிக்கு வெல்லப்பாகுதான் தொட்டுக்கொள்வான்! பத்தொன்பது வயதாகியும் அந்த இனிப்பு ஆசை போகவில்லை.

பக்கத்துப் பண்ணையில் இங்கெபோர்க் என்று ஒரு நார்வேக்காரி இருக்கிறாள். நம் பாஷை இன்னும் வரவில்லை. என் வெண்ணெயை ருசி பார்க்கக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்தாள். அவர்கள் ஊரில் உப்பு குறைவாகப் போடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் நல்லவள். போன வாரம் நான் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் எங்கிருந்தோ கத்திக்கொண்டு ஓடி வந்து அடுப்பைத் திறந்தால் ரொட்டி கரிக்கட்டையாகியிருக்கிறது. என் கவனம் அப்படி!

உன்னால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். கிரேடிக்கு என்னைத் தெரியாது. "இந்த அம்மாவின் வெண்ணெய் முதல் தரம்" என்று ஆம்ப்ரோஸ் தன் கடைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அறுவடைக்குள் அனுப்பிவிடச் சொல்.

உன் அக்கா,
ஹல்டா

மில்பரோ
1868 ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மனசு நலமில்லை. நீ சுகம்தானே?

நான் நிலவறைக்குப் போய்விட்டேன் அக்கா. அவர் ஆற்றுத்துறைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது சாவியை மேசை மேல் மறந்துவிட்டார். எலியைப் பார்ப்போம் என்று விளக்கோடு இறங்கினேன். எலி எதுவும் இல்லை. ஒரு மூலையில் வாய் திறந்த பெரிய பீப்பாய் ஒன்று நின்றது. எட்டிப் பார்த்தேன். மேலாக அன்னப்பறவை மிதந்துகொண்டிருந்தது. ஆமாம், மூப்பர் வீட்டு அன்னம்! அதன் கழுத்துக்குக் கீழே பசு, அதற்கும் கீழே வேறு யார் யார் வீட்டுப் பூக்களோ, எல்லாம் ஒன்றாக உருகிக் குழம்பிக் கிடந்தன. அந்த நாற்றத்தில் விளக்கைக் கீழே போட்டிருப்பேன்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அது கொழுப்புப் பீப்பாய் லவினா. சோப்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான். மிச்சம் வண்டிச் சக்கரத்துக்கு மசகு."

"அன்னிக்கு முதல் தரம்னீங்களே, மோதிரம் போடணும்னீங்களே!"

"பின்னே என்ன சொல்லச் சொல்றே? உங்க வெண்ணெய் நாறுதும்மான்னா? சொன்னா அந்தம்மா மட்டும் போகாது. அவங்க அக்கா, நாத்தனார், தையல் கூட்டம், பாட்டுக் கூட்டம், எல்லாம் நேரா எதிர்க்கடைக்குப் போயிடும். இந்த நாட்டுல எல்லாக் கடைக்காரனும் இப்படித்தான் பண்றான். அந்த நஷ்டத்தைச் சீட்டித் துணி விலையில ஏத்திக்குவோம்."

நல்ல வெண்ணெயை மட்டும் பிரித்து சின்சினாட்டிப் பட்டணத்துக்கு அனுப்புகிறாராம். எந்த வீட்டுக்காரிக்கும் தன் வெண்ணெய் எங்கே போகிறது என்று தெரியாதாம். இவரை நம்பித்தானே நான் வந்தேன்? எத்தனை வீட்டு வெண்ணெய் பீப்பாய்க்குப் போகிறது என்று கேட்டேன். அதற்குள் யாரோ ஆணி வாங்க வந்தார்கள், இவர் போய்விட்டார். மறுபடி கேட்டேன். அப்போதும் ஆணி எடுக்கப் போய்விட்டார்.

அந்த நாலு வரி இன்னும் எழுதவில்லை. அவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. நிலத்தை இப்போது அவசரப்பட்டு விற்காதே அக்கா, குளிர்காலம் போகட்டுமே. கேலப் சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்.

உன் தங்கை,
லவினா

சீடர் பெண்ட்
1868 ஜூன் 20

செல்ல லவினாவுக்கு,

சுகம், சுகம், சிரித்துச் சிரித்து விலா வலிப்பதைத் தவிர எல்லாம் சுகம். அன்னம் மிதந்ததா! அந்த அம்மாள் சர்ச் விருந்துக்கு வெண்ணெய் கொண்டுவந்தால் பெரிய தட்டில் வைத்து நடுவில்தான் வைப்பாள். நாங்கள் எல்லாம் ஓரத்தில்தான். இத்தனை நாளும் சோப்புக்காரனுக்குக் கடைந்திருக்கிறாள்!

நானும் முதலில் திகைத்துத்தான் போனேன். ஆம்ப்ரோஸா இப்படி என்று. பிறகு யோசித்தால் பாவமாக இருக்கிறது. அத்தனை பெண்களையும் சமாளிக்க அந்த மனிதர் என்னதான் செய்வார்? நீயும் மாடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காராமல் இறங்கி வந்து அவரோடு பேசு. என் ஓக் இலையெல்லாம் சின்சினாட்டியில் எந்தப் பணக்கார வீட்டு மேசைக்குப் போனதோ, அதைக் கேட்டு எழுது. தெரிந்தால் கிரேடியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஹாப்ஸிடம் முன்பேச்சு முடித்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குப் பிறகு பத்திரத்தோடு வருகிறார். சுளுக்குக்கு வினிகரில் துணி நனைத்துக் கட்டச் சொல். அந்த நாலு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஹல்டா

மில்பரோ
1868 ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே ஊரே நலமில்லை, அதற்குக் காரணம் நான்.

போன சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். திருமதி ஸ்ப்ராக் துணியைப் பிரித்து அன்னத்தைக் காட்டினாள். இவர் கொல்லையில் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான்தான் மேசையில் நின்றேன்.

"சும்மா பாத்துட்டே நிக்காதே பொண்ணே. உன் புருஷனா இருந்தா இந்நேரம் நாலு வார்த்தை நல்லதா சொல்லியிருப்பார்."

"அவர் சொல்லுவார்மா. இது ஊசிப் போச்சு. தண்ணி சரியாப் பிழியலே. நான் எடுத்துக்க முடியாது."

இத்தனைக்கும் நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பள்ளிக்கூடத்துக் குரல் அல்லவா, தெருவரைக்கும் போயிற்று. கத்தரிக்கோலால் சீட்டித் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மூப்பர் மனைவியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "என் வெண்ணெயையா? என் வெண்ணெயையா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அன்னத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து நேரே எதிர்க்கடைக்குப் போனாள். பின்னாலேயே முக்கால்வாசிப் பேர்.

இவர் என்னைத் திட்டவில்லை. "இனி நீயே கடையை நடத்து" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

சின்சினாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது.

லவினா

சீடர் பெண்ட்
1868 ஜூலை 24

லவினாவுக்கு,

எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் கையைத் தட்டினேன். மூப்பர் மனைவியிடமே நேருக்கு நேர் சொல்லிவிட்டாய், சபாஷ். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லையடி. ஊரே கூடியிருக்கும் கடையில் அத்தனை தைரியமாகப் பேசத் தெரிந்த உனக்கு, வீட்டுக்காரரை உட்கார வைத்து நாலு வரி எழுத வைக்கத் தெரியவில்லையா? முதலில் சுளுக்கு, பிறகு வேலை, அடுத்து என்ன, மையும் தாளும் தீர்ந்துவிட்டதா?

நான் முன்னுக்கு வருவது உனக்குப் பிடிக்கவில்லையா? கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்டுவிட்டேன். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் போன பிறகு என்னிடம் மிஞ்சியது இந்தக் கையும் கேலப்பும்தான். இந்தக் கையின் வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லையா?

நீ அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் நான் ஹாப்ஸிடம் கையெழுத்துப் போடுவேன்.

ஹல்டா

மில்பரோ
1868 ஆகஸ்ட் 3

அக்கா,

அவர் எழுதிவிட்டார். நாலு வரி இல்லை, பக்கம் முழுக்க. "ஒஹையோவின் இந்தப் பக்கத்தில் இதற்கு நிகரான வெண்ணெய் நான் கண்டதில்லை" என்று வரிக்கு வரி அழகான கையெழுத்து. மை காய ஊதி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் வெண்ணெயும் பீப்பாய்க்குத்தான் போயிற்று அக்கா.

இதை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது. மூப்பர் மனைவியிடம் ஒரு நிமிஷத்தில் வந்த வார்த்தை, உன்னிடம் வரவில்லை. அன்றைக்கு அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

முதல் ஐந்து வருஷம் உன்னுடையதுதான் இந்தக் கடையிலேயே சிறந்ததாம். சின்சினாட்டிக்கு முதலில் போனது ஓக் இலைதானாம். அத்தானும் பிள்ளைகளும் போன அந்தக் காய்ச்சல் வருஷத்துக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்கிறார். துணியைப் பிரித்தாலே வாடை அடிக்குமாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவாராம்.

"ஏன் சொல்லலே?" என்று கத்தினேன்.

"உன் அக்கா துக்கத்துக்குக் கறுப்புத் துணி உடுத்திட்டு வருவாங்க லவினா. வாரம் முழுக்க யார்கிட்டயும் பேசியிருக்க மாட்டாங்க. முதல் தரம்மான்னதும் அந்த மொகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதை நான் எப்படி அணைக்கிறது? இன்னிக்குச் சொல்லணும் இன்னிக்குச் சொல்லணும்னே வருஷம் ஓடிப்போச்சு" என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நிலத்தை விற்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இந்தக் கடிதம் பத்தாம் தேதிக்குள் வந்துசேர வேண்டும்.

லவினா

மில்பரோ
1868 செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கேலப் எப்படி இருக்கிறான்? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் வண்டி வரும் நாளெல்லாம் வாசலில் நிற்கிறேன். இவரும் பேசாமல் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தாலும் திட்டி ஒரு கடிதம் எழுது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. சும்மா மட்டும் இருக்காதே.

உன் லவினா

சீடர் பெண்ட்
1868 அக்டோபர் 1

லவினா,

உன் அந்தக் கடிதம் ஆகஸ்ட் பதினோராம் தேதி வந்தது. அப்போது ஹாப்ஸ் என் மேசையில் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனா என் கையில். தபாலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலில் நின்று படித்தேன். பீப்பாய் என்ற வரியை மூன்று தரம் படித்தேன். நீ பொய் சொல்கிறாய் என்றுதான் முதலில் தோன்றியது. பொறாமை, வேறொன்றுமில்லை என்று நினைத்தேன். அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு உள்ளே போய் ஒரு ரொட்டித் துண்டில் வெண்ணெயைத் தடவி ஹாப்ஸ் முன்னால் வைத்தேன். "சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். மனிதர் ஒரு வாய் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மென்று, விழுங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு, "முதல் தரம்மா" என்றார்.

அந்த வார்த்தையை அந்த முகத்தோடு சேர்த்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஆம்ப்ரோஸ் நல்ல நடிகர். இந்த மனிதருக்கு அது வரவில்லை. பத்திரத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிறகு கேலப்பைக் கூப்பிட்டேன்.

"எத்தனை நாளாடா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அப்பா போனதுலேருந்தும்மா."

"ஏன்டா சொல்லலே?"

"நீ அழுவேன்னு நினைச்சேன். வெண்ணெய் கடையறப்ப மட்டும்தான் நீ அழாம இருந்தே."

வெல்லப்பாகு! ஆறு வருஷமாக அந்தப் பிள்ளை எனக்காக வெல்லப்பாகைத் தின்றிருக்கிறான். அது அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். நான் ஒரு மாதத்துக்கு மேல் யாரோடும் பேசவில்லை. உனக்கு எழுதாததும் அதனால்தான்.

நானும் ஒன்று உனக்குச் சொல்லவில்லை. காய்ச்சலில் நானும் படுத்தேன் அல்லவா? எழுந்தபோது எனக்கு மூக்கு போயிருந்தது. ரோஜாவும் தெரியாது, தொழுவமும் தெரியாது. நாக்கில் உப்பும் இனிப்பும் மட்டும்தான் மிச்சம். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிணமாகக் கிடக்கும்போது எனக்கு வாசனை தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சனிக்கிழமைதோறும் ஆம்ப்ரோஸ் முதல் தரம் என்றார். சரி, மூக்கு இல்லாவிட்டாலும் கைக்குத் தெரிகிறது என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை தூரம் வந்தேன்.

நாளை ரயிலில் ஒரு சிறு ஜாடி வருகிறது. இந்த வாரம் கடைந்தது. நீ ருசி பார்த்து எழுது. இனிக்கப் பேசுவதென்றால் எழுதவே வேண்டாம்.

ஹல்டா

மில்பரோ
1868 அக்டோபர் 12

அக்கா,

கெட்டுத்தான் இருக்கிறது.

மண்ணெண்ணெய் வாடை. மேலாக இல்லை, உள்ளேயே ஊறியிருக்கிறது. மற்றபடி தண்ணீர் நன்றாகப் பிழிந்திருக்கிறாய், உப்பும் சரியான பதம். இவரையும் ருசி பார்க்க வைத்தேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "மண்ணெண்ணெய்" என்றார். இத்தனை வருஷத்தில் வெண்ணெயைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

பாலாடை வைக்கும் இடத்தில் விளக்கு எண்ணெய் ஏதாவது வைத்திருக்கிறாயா? தேடிப் பார். சரி செய்து இன்னொரு ஜாடி அனுப்பு.

உன் தங்கை,
லவினா

மில்பரோ
1868 டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாவது ஜாடி வந்தது. நன்றாக இருக்கிறது.

வேறு வார்த்தை போட பயமாக இருக்கிறது, நீ நம்ப மாட்டாய். சத்தியமாக நன்றாக இருக்கிறது. ஜாடியைத் திருப்பி அனுப்புகிறேன். அடியில் ஒட்டியிருந்ததை இவர் ரொட்டியால் வழித்துவிட்டார், கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கடைக்கும் ஆள் வரத் தொடங்கியிருக்கிறது. மூப்பர் மனைவி நேற்று வந்து யாரும் இல்லாத நேரம் பார்த்து, "இப்போ எப்படி?" என்று அன்னத்தை நீட்டினாள். "பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் பிழியணும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

குளிரில் முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
லவினா

சீடர் பெண்ட்
1869 ஜனவரி 17

என் செல்ல லவினாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முட்டி பனிக்கு முனகுகிறது, முனகட்டும். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

உன் மண்ணெண்ணெயைப் படித்ததும் பால் அறைக்குப் போனேன். பாலாடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் டப்பா இருக்கிறது. காய்ச்சல் வருஷம் இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டியிருந்தது. படுக்கைக்கும் டப்பாவுக்கும் ஓடி ஓடி, கைக்கு எட்டட்டும் என்று நான்தான் அந்த வீட்டில் பாலாடைப் பலகையில் வைத்தேன். பிள்ளைகள் போன பிறகு அதை எடுக்கத் தோன்றவில்லை. இந்த ஊருக்கு வந்தும் பழக்கமாக அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன் பார். அடி கசிந்து பலகையெல்லாம் ஊறியிருக்கிறது. டப்பாவைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். பலகையையும் ஒஹையோவிலிருந்து கொண்டுவந்த, வெண்ணெய் கடையும் பழைய மரத்தொட்டியையும் உடைத்து அடுப்பில் போட்டேன். இங்கெபோர்க் அன்றைக்கு வந்து பால் அறையில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பாஷை வராததை நான் பெரிய குறையாக நினைத்தேன். முதல் நாளே முகத்தால் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

நீ நன்றாக இருக்கிறது என்று எழுதினாய். நான் நம்பவில்லையடி. கோபப்படாதே. நீயும் இப்போது கடைக்காரிதானே. வழித்த ஜாடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெந்நீர் ஊற்றிக் கழுவி அனுப்பியிருந்தாலும் அப்படித்தானே இருக்கும்? கேலப்பிடம் கேட்டேன், "நல்லா இருக்கும்மா" என்றான். அவனையும் நம்பவில்லை. ஆறு வருஷம் ஏமாற்றத் தெரிந்தவன் ஏழாம் வருஷம் ஏமாற்ற மாட்டானா? இனி என் வாழ்நாளில் யார் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் எனக்கு ஹாப்ஸின் மீசைதான் கண்ணில் வரும் என்று நினைத்துக்கொண்டேன். கிரேடியிடமும் போகவில்லை.

இன்று காலை கன்றுக்கு வைக்கோல் போடப் போனேன். கையுறையை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. கேலப் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் தொழுவத்தில் இருக்கிறேன் என்று நினைப்பு. வெல்லப்பாகு ஜாடி முன்னாலேயே இருந்தது. அதைக் கையால் தள்ளிவிட்டு, ஓக் இலையின் காம்பிலிருந்து ஒரு பெரிய துண்டு வெட்டி ரொட்டியில் அப்பிக்கொண்டான். தின்றான். ஜன்னலைப் பார்த்தபடி மென்றான். பிறகு இன்னொரு ரொட்டியை எடுத்து, மீதி இலையையும் வழித்துப் போட்டுக்கொண்டான்.

நான் உள்ளே போகவில்லை. கையுறை இல்லாமலே தொழுவத்துக்குத் திரும்பிப் போனேன். கை மரத்துப் போயிருந்தது, அது எனக்குத் தெரியவே இல்லை. பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன்.

நாளை கிரேடியிடம் ஒரு ஜாடி கொண்டுபோகிறேன். நிலத்தை விற்கப் போவதில்லை, மூன்று பசுவுக்கு என்ன வருமோ அதைத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிடுவேன். பரிந்துரைக் கடிதம் எதுவும் வேண்டாம். ஆம்ப்ரோஸிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். அவர் அன்றைக்கு ஏற்றிய வெளிச்சத்தில்தான் நான் அந்த வருஷங்களைத் தாண்டினேன். ஆனாலும் என்னிடம் இனி ஒருபோதும் முதல் தரம் என்று சொல்ல வேண்டாம் என்றும் சொல்.

உன் அக்கா,
ஹல்டா